உள்பக்கத் தையல்

ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்க்கிறவளுக்கு வைத்தியத்துக்கா பஞ்சம் என்று நீங்கள் கேட்பீர்கள். தையலக்காவைத் தெரிந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் கேட்டார்கள். வீட்டுக்காரர் கேட்டார், பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள், கல்யாணமாகி வெளியூர் போன மகள் போனில் கேட்டாள். கேட்டதில் தப்பில்லை. ஆனால் பெரிய ஆஸ்பத்திரியின் கட்டடம் எவ்வளவு உயரம் என்று தெரிந்த அளவுக்கு, அதற்குள் ஒரு மனுஷியை ஏறெடுத்துப் பார்ப்பவர்கள் எத்தனை பேர் என்று அவர்களுக்குத் தெரியாது. தையலக்காவுக்கே அது தெரிந்துகொள்ள ஏழு மாதம் பிடித்தது.

தரைத்தளத்தின் கடைசியில், சலவைக்கூடத்துக்கும் மருந்துக் கிடங்குக்கும் நடுவில் இருந்தது தையல் அறை. மூன்று மெஷின். அதில் ஒன்று பெயருக்குத்தான். ஒரே ஜன்னல். அதையும் கிடங்குக்காரர்கள் அட்டைப்பெட்டி அடுக்கிப் பாதி மறைத்திருந்தார்கள். நடுவில் கிழிந்துபோன படுக்கை விரிப்புகளை நெடுக வெட்டி, ஓரங்களை நடுவுக்குக் கொண்டுவந்து மூட்டுவது, தலையணை உறை தைப்பது, ஆபரேஷன் அறைக்குப் பச்சைத் துணி மடித்தடிப்பது, குழந்தைகள் வார்டுக்கு முதுகில் நாடா கட்டும் சின்னச் சட்டைகள் தைப்பது, டாக்டர்களுக்கு வெள்ளைக் கோட் தைப்பது, பிறகு அந்தக் கோட்டுகளை ஆள் இளைத்தால் பிடிப்பது, பெருத்தால் பிரித்து விடுவது. பத்தொன்பது வருஷமாக இதுதான் அவள் வேலை. நூல்கண்டுகளை ரகம் பிரித்துப் போட்டுவைக்க, கிடங்கில் மாத்திரை தீர்ந்ததும் தூக்கிப்போடும் வெள்ளை டப்பாக்களை எடுத்துவந்து வரிசையாக வைத்திருந்தாள். ஒவ்வொரு டப்பாவின் மேலும் ஒரே மஞ்சள் லேபிள். அதில் என்ன எழுதியிருந்தது என்று அவள் ஒருநாளும் வாசித்ததில்லை. நூல் வைக்கிற டப்பா, அவ்வளவுதான்.

டாக்டர்களின் பெயர் அவளுக்கு மறந்துபோகும், அளவு மறக்காது. எலும்பு டாக்டருக்கு இடது தோள் சற்று இறக்கம். பெரிய டாக்டருக்கு நாற்பத்திரண்டில் தொடங்கிய சுற்றளவு, இரண்டு முறை பிரித்து விட்டு இப்போது நாற்பத்தாறு. ஒரு கோட்டைப் பிடிக்கும்போது அவள் பழைய தையலைப் பிரிக்க மாட்டாள், மிச்சத் துணியையும் வெட்ட மாட்டாள். பழைய வரிக்கு உள்ளே புதிதாக ஒரு வரி ஓட்டி நிறுத்திக்கொள்வாள். “இன்னைக்கு இளைப்பாங்க, நாளைக்குப் பெருப்பாங்க. துணிய வெட்டிட்டா அப்புறம் எங்க போறது?” என்பாள். வெளியில் பார்த்தால் கச்சிதமாக இருக்கும். உள்பக்கம் திருப்பினால் அந்த ஆள் எப்போது எப்படி இருந்தார் என்பது வரிவரியாகத் தெரியும்.

அவளுக்கு ஒரே ஒரு கர்வம் உண்டு. தன் உடம்பில் துணி தொங்கக் கூடாது. ஊழியர்களுக்குக் கொடுக்கும் நீல ஓவர்கோட் மற்றவர்கள் மேல் கோணிச்சாக்கு மாதிரி கிடக்கும். தையலக்காவின் மேல் அது அளவெடுத்துத் தைத்தது போல நிற்கும், அளவெடுத்துத் தைத்ததுதானே. இந்தக் கர்வம்தான் அவள் குழியை வெட்டிக்கொண்டிருந்தது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அந்த வருஷம் மழை ஓய்ந்ததும் ஊரில் பாதிப் பேருக்கு வயிற்றுப்போக்கு. குழாய்த் தண்ணீர் கலங்கி வந்தது. எல்லாருக்கும் மூன்று நாளில் நின்றது, தையலக்காவுக்கு நிற்கவில்லை. ஒரு நாளைக்கு நாலு தடவை, பிறகு ஆறு, பிறகு பத்து, பதினொன்று. வெளுத்து, நுரைத்து, எண்ணெய் கலந்தது போல மிதந்தது. ஒரு வாளி ஊற்றினால் போகாது. நாற்றம் கதவைத் தாண்டி வரும். அடுத்து உள்ளே போகிறவர் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு, அவள் தலையைக் குனிந்துகொண்டே வெளியே வருவாள். கழிப்பறை தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் இருந்தது. எட்டு வைத்து எண்ணியிருந்தாள். எண்பத்து நாலு எட்டு. நாள் முழுக்க அந்த எண்பத்து நாலு எட்டையும் தாண்டிப் பிழைப்பதே அவளுக்குப் பெரிய வேலையாகிவிட்டது.

பிறகு நாக்கு சிவந்து தோல் உரிந்தது. சூடாக எதையும் வாயில் வைக்க முடியவில்லை. பாதத்தில் பஞ்சு வைத்தது போல மரத்துப்போனது. மெஷின் பெடலை மிதிக்கிறோமா இல்லையா என்று கீழே குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மாலையில் வெளிச்சம் மங்கினால் ஊசிக்கண் தெரியவில்லை. படி ஏறினால் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனாலும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள். சாப்பிட்டது எங்கே போனது என்றுதான் தெரியவில்லை.

வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். நல்ல மனுஷன். தட்டை அவள் பக்கம் தள்ளித் தள்ளி வைப்பார்.

“இந்தா பாரு, ஏறினவங்க எல்லாம் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிட்டா வண்டி எப்படி ஓடும்? உன் வயிறு அப்படித்தான் இருக்கு. பெரிய டாக்டர்கிட்ட காட்டு. உன் ரூம்லேர்ந்து பத்து நிமிஷம்கூட இல்ல.”

“காட்டறேங்க” என்றாள்.

காட்டினாள். இரண்டு மாதம் கழித்து, சீட்டு எடுத்து, மூன்று மணி நேரம் வரிசையில் நின்று, நடுவில் நாலு தடவை வரிசையை விட்டு ஓடி, திரும்பி வந்து, இடத்தைப் பிடித்துவைத்த அம்மாளுக்கு நன்றி சொல்லி, ஒருவழியாகப் பெரிய டாக்டரின் அறைக்குள் போனாள். தான் பிரித்து விட்ட கோட்டைத்தான் அவர் போட்டிருந்தார். அவர் அவளைப் பார்க்கவில்லை. சீட்டைப் பார்த்தார்.

“எத்தனை நாளா?”

“ரெண்டு மாசம் இருக்கும் டாக்டர்.”

“ரத்தம் போகுதா? காய்ச்சல்?”

“இல்ல டாக்டர்.”

“எடை குறைஞ்சிருக்கா?”

“தெரியலையே டாக்டர். எடை பார்த்ததில்ல.”

எடை பார்ப்பதற்கு அந்த அறையில் ஒரு மூலை உண்டு. மூலையில் நாலு டைல்ஸ் மட்டும் மற்றவற்றைவிடப் பளிச்சென்று இருந்தன. எடைமெஷின் இருந்த இடம் அது. மெஷினைச் சலவைக்கூடத்துக்கு எடுத்துப் போயிருந்தார்கள். அழுக்குத் துணி மூட்டைகளை நிறுத்துத்தான் சலவைக்கு அனுப்ப வேண்டும் என்று புது உத்தரவு வந்திருந்தது. சலவைக்கூடத்துத் தராசு கெட்டுக் கிடந்தது. அதனால் நோயாளிகளை நிறுக்கிற மெஷின் மூட்டைகளை நிறுக்கப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் எதற்கு மரியாதை என்று இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

பெரிய டாக்டர் மூலையைப் பார்த்தார், உச்சுக்கொட்டினார்.

“சரி, போட்டுக்கற துணி லூசாயிருக்கா?”

தையலக்கா குனிந்து தன் ஓவர்கோட்டைப் பார்த்தாள். எங்கும் தொங்கவில்லை.

“இல்ல டாக்டர். சரியாத்தான் இருக்கு.”

பொய் சொல்ல வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. அதுவரை இரண்டு முறை அந்த ஓவர்கோட்டைப் பிடித்திருந்தாள். இரண்டாவது வரி ஓட்டி நாலு நாள்தான் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை துவைத்துப் போடுவாள், திங்கட்கிழமை மாட்டும்போது தொங்குகிறது என்று பட்டால், வேலை தொடங்குமுன் மெஷினில் வைத்து இரண்டு பக்கமும் ஒரு ஓட்டு ஓட்டுவாள். கை தானாகச் செய்கிற வேலை. காலையில் தலை சீவிக்கொண்டதை யாராவது டாக்டரிடம் போய்ச் சொல்வார்களா?

ஆஸ்பத்திரியிலேயே இருக்கும் அவளுடைய மருத்துவ நோட்டில் அவர் எழுதினார்: ‘எடை குறையவில்லை.’ எழுதி, வயிற்றில் வாயு என்று இரண்டு மாத்திரை கொடுத்து, அடுத்த சீட்டைக் கூப்பிட்டார். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிஷம். தையலக்காவுக்குக் கோபம் வரவில்லை. அப்போது அவள் அவரை நம்பினாள்.

அதன் பிறகு நடந்ததுதான் அநியாயம். வாயு மாத்திரை கேட்கவில்லை என்று மறுபடி போனாள். வேறு டாக்டர். அவர் நோட்டைப் புரட்டினார், பெரிய டாக்டர் எழுதியதைப் பார்த்தார், அதையே தன் கையெழுத்தில் எழுதினார்: ‘எடை குறையவில்லை.’ பூச்சி மாத்திரை கொடுத்தார். அதற்கு அடுத்தவர் முதல் இருவரையும் பார்த்து எழுதினார். கவலையைக் குறைக்கச் சொன்னார். அதற்கு அடுத்தவர் வயசுக் கோளாறு என்றார். ஒருவர் நிறையப் பால் குடிக்கச் சொன்னார். குடித்தாள். அன்று எண்பத்து நாலு எட்டை நடக்க முடியாமல் தாழ்வாரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த அவமானத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இன்னொருவர் பேனாவை மூடிவைத்துவிட்டு, “வீட்டுக்காரரோட ஏதும் மனஸ்தாபமா?” என்று கேட்டார்.

“அவரோட எனக்கென்ன சண்டை டாக்டர்? சண்டை எல்லாம் என் வயித்தோடதான்” என்றாள்.

அவர் சிரித்தார். சிரித்துவிட்டு ‘எடை குறையவில்லை’ என்று எழுதினார். நோட்டில் எட்டு விதமான கையெழுத்தில் அந்த வரி இருந்தது. எட்டுப் பேரும் படித்தவர்கள். எட்டுப் பேருக்கும் கண் இருந்தது. பெரிய டாக்டர் எழுதியதை மாற்றி எழுதத்தான் ஒருவருக்கும் நெஞ்சு வரவில்லை. அவள் கன்னம் ஒட்டிப்போனதும், கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றதும், உதடு வெளுத்ததும் நோட்டில் ஏறவில்லை. நோட்டில் இல்லாதது உடம்பிலும் இல்லை என்பது அவர்கள் கணக்கு.

இதற்கு நடுவில் துணிப்பிரிவு மேற்பார்வை சிஸ்டர் வேறு. மூக்கின் மேல் கோபம் உள்ளவர். தையல் அறைக் கதவில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டு, வெளியே போகும் நேரம், வரும் நேரம் இரண்டையும் எழுதச் சொன்னார்.

“ஏம்மா, மெஷின்ல உட்கார்ற நேரத்தவிட நடக்கற நேரம் அதிகமா இருக்கே. உனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லன்னு இத்தன டாக்டர் எழுதியிருக்காங்க. பின்ன எதுக்கு இந்த வேஷம்?”

“வேஷம் போட இதவிட நல்ல எடம் கெடைக்கலயா சிஸ்டர்? கக்கூஸ்ல போயா வேஷம் போடுவாங்க?”

எதிர்த்துப் பேசினாள் என்று அதுவும் எழுதப்பட்டது. பத்து நாளில் ஓலை வந்தது. வியாழக்கிழமை காலை மருத்துவக் குழு முன் ஆஜராக வேண்டும். நோய் இருப்பதாகக் குழு சொன்னால் மருத்துவ விடுப்பு. நோய் இல்லை என்று சொன்னால், வேண்டுமென்றே வேலையைத் தட்டிக்கழித்த குற்றத்துக்காக வேலையிலிருந்து நீக்கம். நோய் இல்லை என்று எட்டுப் பேர் எழுதி வைத்த நோட்டு குழுவின் மேஜையில் முன்கூட்டியே போய் உட்கார்ந்துவிட்டது. குழுவின் தலைவர் பெரிய டாக்டரேதான்.

பக்கத்துச் சலவைக்கூடத்து அண்ணன் மூட்டையை மெஷினில் ஏற்றிக்கொண்டே ஆறுதல் சொன்னார்.

“பயப்படாத தங்கச்சி. உண்மையச் சொல்லு.”

“ஏழு மாசமா அதத்தாண்ணே சொல்றேன். கேக்கறவங்கதான் இல்ல.”

வேலை போவதைப் பற்றி மட்டும் அவள் கவலைப்படவில்லை. செத்துப்போய்விடுவோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. செத்த பிறகும் நோட்டில் ‘நோய் இல்லை’ என்று இருக்குமே, அதுதான் அவள் வயிற்றை இன்னும் எரித்தது.

வியாழக்கிழமை. அந்த வாரத் திங்கட்கிழமை ஓட்டிய எட்டாவது வரியோடு ஓவர்கோட் சிக்கென்று இருந்தது. உள்ளே மடிந்து மடிந்து தடித்துப்போன மிச்சத் துணி இரண்டு பக்கமும் விலா எலும்பைக் குத்தியது. கழுத்தில் டேப்பைக் கழற்ற மறந்தபடியே போனாள். பெரிய அறை. நீள மேஜை. பெரிய டாக்டர் நடுவில், ஒரு பக்கம் ஆபீஸ் அதிகாரி, மறு பக்கம் ரத்தப் பரிசோதனைக் கூடத்து டாக்டரம்மா. அந்த அம்மா சாதாரணமாக நோயாளிகளைப் பார்ப்பவர் அல்ல. கண்ணாடித் தகட்டில் ஒட்டிய துளிகளைப் பார்ப்பவர்.

பெரிய டாக்டர் நோட்டை எடுத்து வாசித்தார். “ரத்தப்போக்கு இல்லை. காய்ச்சல் இல்லை. எடை குறையவில்லை.” பக்கத்தைத் திருப்பினார். “எடை குறையவில்லை.” இன்னொரு பக்கம். “எடை குறையவில்லை. ஏம்மா, ஏழு மாசமா தினம் பத்துத் தடவ வயித்தாலே போறவ எடை குறையாம இருப்பாளா? நீயே சொல்லு.”

அதுவரை தலைகுனிந்து நின்றவள் நிமிர்ந்தாள். எட்டுப் பேர் எழுதியதை முதல் தடவையாகக் காதால் கேட்கிறாள். நோட்டில் இப்படி எழுதியிருக்கிறது என்றே அவளுக்குத் தெரியாது. யாரும் வாசித்துக் காட்டியதில்லை.

“எடை குறையலன்னு யார் டாக்டர் சொன்னது?”

“நீதான் சொன்ன. துணி லூசாகலன்னு.”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கை தானாக விலாப்பக்கம் போனது. மடிந்து தடித்த துணி கைக்குத் தட்டுப்பட்டது. ஒரு நிமிஷம் அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. பிறகு அது திரும்ப வேண்டிய பக்கம் திரும்பியது.

ஓவர்கோட்டின் பித்தானைக் கழற்றினாள். ஆபீஸ் அதிகாரி, “இதென்னம்மா இது” என்று எழப் பார்த்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கோட்டைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, நோட்டின் மேலேயே விரித்தாள்.

இரண்டு பக்கமும் எட்டு எட்டு வரி. நீலத் துணியில் வெள்ளை நூல். முதல் நாலு வரி ஓட்டம் பிசகாமல் நேராக இருந்தது. ஐந்தாவதிலிருந்து வரி ஆடியது. பெடலை மிதிக்கும் கால் மரத்துப்போன காலம் அது. கடைசி இரண்டு வரியும் கோணல்மாணல், கண் மங்கியவள் போட்ட தையல்.

“டாக்டர், நான் தையக்காரி. துணி லூசாக விடுவேனா? லூசாக லூசாகப் பிடிச்சிட்டே வந்திருக்கேன். ரெண்டு பக்கமும் சேத்து ஒரு வரிக்கு ஒரு அங்குலம். எட்டு வரி. முப்பத்தெட்டு அங்குலத்துல இருந்தவ முப்பதுக்கு வந்திருக்கேன். இத நான் சொல்லாம விட்டது தப்புதான். ஆனா எட்டுப் பேருல ஒருத்தர்கூட என்னை நிமிர்ந்து பாக்கலயே, அது யார் தப்பு?”

டாக்டரம்மா எழுந்து வந்தார். ஒவ்வொரு வரியாக விரலால் தடவிப் பார்த்தார்.

“இது எப்போ போட்டது?”

“மழைக்கு அப்புறம் அஞ்சாவது வாரம்.”

“இது?”

“அதுக்கு நாலு வாரம் கழிச்சு. அடுத்தது மூணு வாரத்துல.”

“கடைசி?”

“இந்தத் திங்கக்கிழமை.”

கோட் இல்லாமல் உள்சட்டையோடு நின்ற அவள் கைகளையும் தோளையும் அந்த அம்மா பார்த்தார். இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். “நாக்க நீட்டுங்க” என்றார். நீட்டினாள். ஏழு மாதத்தில் அவளை நாக்கை நீட்டச் சொன்ன முதல் ஆள் அவர்தான். பார்த்ததும் அந்த அம்மாவின் முகம் மாறியது. பெரிய டாக்டரைத் திரும்பிப் பார்த்து, “சார், முதல்ல எடை போடுவோம்” என்றார்.

எடை போட மெஷின் வேண்டுமே. மூன்று பேர் குழுவும் நோயாளியும் படியிறங்கி, தாழ்வாரம் கடந்து, சலவைக்கூடத்துக்குப் போனார்கள். அண்ணன் மெஷினிலிருந்து அழுக்கு மூட்டையை இறக்கினார். தையலக்கா ஏறி நின்றாள். முள் முப்பத்து நாலில் நின்றது.

“நாலாம் வார்டு மூட்டை இதவிட அதிகம் வருமே” என்று அண்ணன் வாய்தவறிச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு வாயில் கையை வைத்துக்கொண்டார். பெரிய டாக்டர் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். அது எந்த அறையின் மெஷின் என்று அவருக்குத் தெரியும். பிறகு அவர் கேட்டாரே ஒரு கேள்வி, அதை இன்றைக்கு நினைத்தாலும் தையலக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“இத நீ ஆரம்பத்துலயே சொல்லியிருக்கலாமே?”

அவளுக்கு மெஷினிலிருந்து இறங்கி, எண்பத்து நாலு எட்டு நடக்க வேண்டியிருந்தது.

அன்றே படுக்கையில் சேர்த்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். வாய் வழியாகக் குழாயை விட்டுக் குடலின் உள்சுவரில் கடுகளவு கிள்ளி எடுத்தார்கள். நாலாம் நாள் டாக்டரம்மாவே வார்டுக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். நோயின் பெயர் டிராபிகல் ஸ்ப்ரூ என்றார். வெயில் நாடுகளில் வருகிற குடல் நோய். வயிற்றுப்போக்கு வந்து போன பிறகு சிலருக்கு இப்படித் தங்கிவிடும்.

“குடலுக்கு உள்ளே மேலெல்லாம் சின்னச் சின்ன விரல் மாதிரி நீட்டிட்டு இருக்கும். அதுங்கதான் சாப்பாட்டுச் சத்த உறிஞ்சும். உங்களுக்கு அது தேய்ஞ்சு போச்சு. அதனால எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்புல ஒட்டாது.”

தையலக்கா யோசித்தாள். “பழைய துவாலை மாதிரியா டாக்டரம்மா? புதுசுல பூப்பூவா நூல் நிக்கும், தண்ணிய இழுக்கும். நூல் தேய்ஞ்சு வழவழன்னு ஆயிட்டா தொடச்சாலும் ஈரம் போகாது. நாங்க கழிச்சுக் கட்டிடுவோம்.”

“அதேதான். ஆனா உங்கள கழிச்சுக் கட்ட வேண்டாம். அந்த நூல் திரும்ப முளைக்கும். ஆறு மாசம் மாத்திரை, கொஞ்சம் ஊசி. அவ்வளவுதான்.”

அவ்வளவுதான். இந்த அவ்வளவுதானுக்காகத்தான் ஏழு மாதம். நர்ஸ் மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்து கட்டில் பக்கத்து மேஜையில் வைத்தார். வெள்ளை டப்பா, மஞ்சள் லேபிள். தையலக்கா அதைக் கையில் எடுத்தாள். மூடியைத் திருகும் விதம்கூட அவள் கைக்குத் தெரியும். கர்ப்பிணிகளுக்குத் தினம் கைகையாக அள்ளிக் கொடுக்கிற சாதாரண சத்து மாத்திரை. சுவருக்கு அந்தப் பக்கம் மலையாகக் குவிந்து கிடந்தது. தீர்ந்த டப்பாக்களில் அவள் நூல் வைத்திருந்தாள். நோய் தீர்க்கிற மருந்தின் காலி டப்பாவுக்கு நடுவில் உட்கார்ந்து ஒருத்தி செத்துக்கொண்டிருந்திருக்கிறாள், இதற்குப் பெயர் ஆஸ்பத்திரி.

அன்று மாலை வந்த வீட்டுக்காரரிடம் டப்பாவைக் காட்டி விஷயத்தைச் சொன்னாள். அவர் வாசித்தார், திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கும் மனுஷன் அன்று டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

ஒரு வாரத்தில் நாக்கு ஆறியது. மூன்றாம் வாரம் பசி வந்தது. சும்மா பசி இல்லை, பக்கத்துக் கட்டிலுக்கு வந்த ரொட்டியை வெறித்துப் பார்க்க வைக்கிற பசி. இரண்டாம் மாதம் வேலைக்குத் திரும்பினாள். கதவில் தொங்கிய நோட்டைக் காணோம். சிஸ்டர் எதிரில் வந்தபோது, “உடம்பு தேவலையா?” என்று கேட்டுவிட்டு நிற்காமல் போனார். அதற்கும் ஒரு மனசு வேண்டும் என்று தையலக்கா விட்டுவிட்டாள். ஒரு திங்கட்கிழமை ஓவர்கோட் பிடித்துக்கொண்டது. எட்டாவது வரியைப் பிரித்தாள். அன்று ஊசிக்கண் பளிச்சென்று தெரிந்தது. அதன் பிறகு ஏழாவது, ஆறாவது. ஆறு மாதம் முடியும்போது ஐந்து வரி பிரிந்திருந்தது. இன்னும் மூன்று பாக்கி.

கடைசிப் பரிசோதனைக்குப் பெரிய டாக்டரின் அறைக்குப் போனாள். மூலையில் எடைமெஷின் திரும்பி வந்திருந்தது. நிறுத்தார்கள், நாற்பத்தொன்பது. அவர் முகத்தில் திருப்தி. “நல்லாயிட்டம்மா. இனிமே வர வேண்டாம்” என்று நோட்டை மூடப் போனார்.

“மூடாதீங்க டாக்டர். இன்னும் ஒரு வேல பாக்கி இருக்கு.”

“என்ன?”

“முதல் பக்கத்துல நீங்க எழுதினீங்களே, எடை குறையலன்னு. அத அடிச்சிட்டு எழுதுங்க.”

அவர் சிரிக்கப் பார்த்தார். “அதான் சரியாயிடுச்சே. இப்ப அதுல என்ன இருக்கு? தவிர, ஒரு தடவ எழுதினத மாத்தற வழக்கம் இல்ல.”

“உங்க கோட்ட நான் ரெண்டு தடவ பிரிச்சுத் தச்சிருக்கேன் டாக்டர். தப்பா தச்சா போட்டுக்கறவர் முன்னாடியே பிரிப்போம். எங்களுக்கு அதுல கௌரவக் குறைச்சல் இல்ல. உங்க ஒரு வரியப் பாத்து ஏழு பேரு எழுதினாங்க. நாளைக்கு எனக்கு மறுபடி ஏதாவது வந்தா, ஒன்பதாவது ஆளும் அதத்தான் பாப்பாரு.”

வெளியே வரிசையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். கதவு திறந்துதான் இருந்தது. பெரிய டாக்டர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். அன்றுதான் அவர் அவளைப் பார்த்தார் என்று சொல்ல வேண்டும். பேனாவை எடுத்து, முதல் பக்கத்தில் அந்த வரியைக் குறுக்கே அடித்தார். அதற்கு மேல் ‘எடை குறைந்துள்ளது’ என்று எழுதினார். பேனா அங்கேயே நின்றுவிட்டது. பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது, எவ்வளவு குறைந்தது என்று எழுத வேண்டிய கட்டம்.

“நோய் வர்றதுக்கு முன்னாடி என்ன எடை இருந்தீங்க?” என்று கேட்டார். ‘ங்க’ போட்டு அவர் அவளிடம் பேசியது அதுவே முதல் தடவை.

“எனக்கு எப்படித் தெரியும் டாக்டர்? யாரும் போடலயே.”

தையலக்கா ஓவர்கோட்டைக் கழற்றி, உள்பக்கத்தைத் திருப்பி மேஜையில் வைத்தாள். மூன்று வரி வெள்ளை நூலோடு இருந்தது. பிரித்த ஐந்து வரியும் நூல் இல்லாமல், ஊசி போன ஓட்டை மட்டும் வரிசையாகத் தெரிந்தது. கழுத்திலிருந்து டேப்பை எடுத்து ஒரு முனையை அவர் கையில் கொடுத்தாள்.

“இப்படிப் புடிங்க.”

அவர் பிடித்துக்கொண்டார். அவள் கோட்டின் பழைய மூலத் தையலிலிருந்து எட்டாவது வரியின் ஓட்டைகள் வரைக்கும் அளந்து காட்டினாள். ஒரு பக்கம், மறு பக்கம், முன்துணி, பின்துணி. அவர் மனதுக்குள் கூட்டினார். பிறகு எடையை எழுத வேண்டிய அந்தச் சின்னக் கட்டத்துக்குள், கட்டத்துக்கு வெளியே வழிய வழிய, எழுதினார்: ‘எடை பதிவு செய்யப்படவில்லை. நோயாளியின் ஓவர்கோட் தையல்படி, எட்டு அங்குலம்.’

“கையெழுத்துப் போடுங்க டாக்டர்” என்றாள்.

போட்டார்.